பின்னறைக் கண்ணாடி

என் கையெழுத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிமிர்ந்தால் நேர் எதிரே அதுதான். தங்க நிறக் கட்டை, உள்ளே வெள்ளை அட்டைக் கரை, அதற்குள் எட்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிக்கொடுத்த ஆய்வறிக்கையின் முதல் பக்கம். 'கட்டடம் பொதுவாக நல்ல நிலையில் உள்ளது.' கீழே என் முத்திரை, அதன்மேல் கோழி கிளறியதுபோல என் கையெழுத்து. என் கல்யாணப் போட்டோவுக்குக்கூட இப்படி ஒரு சட்டம் எங்கள் வீட்டில் கிடையாது.

"எப்படிக்கா!" என்று தங்கை கைதட்டினாள். "உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லாம கூட்டிட்டு வந்தேன். ஒம்போது வாடகை வீடு மாறி, ஊர்ல இருக்கற வீடெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில பாத்தா நீயே பாஸ் போட்ட வீடு! இதைப் பாத்த நிமிஷமே இவர்கிட்ட சொல்லிட்டேன், இதுதான் நம்ம வீடுன்னு."

அவளுக்கு முறையாக ஒரு பெயர் உண்டு, வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாற்பதை நெருங்கியும் வாண்டுதான். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை சுவரைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு வேறு ஆட்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிவிட வேண்டும் என்று புரோக்கர் காலையிலிருந்து அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வீட்டைக் கூரையிலிருந்து கழிவுக் குழாய் வரை பார்த்து, எது சரி, எது சொத்தை என்று எழுதிக்கொடுப்பது என் தொழில். இருபது வருடமாகச் செய்கிறேன். எத்தனை வீடு என்று எனக்கே கணக்கில்லை. இந்தத் தெருவுக்குள் வண்டி திரும்பியபோதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை. வாசலில் நின்ற ஆளைப் பார்த்தும் தோன்றவில்லை. அறுபத்தைந்து வயது இருக்கும். காதில் சிவப்புப் பென்சில் சொருகியிருந்தார். விரல் நுனியெல்லாம் சின்னச் சின்ன வெட்டுத் தழும்பு.

"ஞாபகம் இருக்கா மேடம்? போட்டோவுக்குப் பிரேம் போடற கடை. அப்போ நான் இந்த வீட்டை வாங்கறப்ப நீங்கதான் வந்து பாத்துக் குடுத்தீங்க" என்றார். சிரிப்பு அப்படியே வாசற்படி வரை வழிந்தது.

ஞாபகம் வந்தது.  

நான் வேலையில் சிடுமூஞ்சி. அதை மறைக்க மாட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது பின்னாலேயே வந்து இது என்ன, அது என்ன என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்திருக்கும்போது பேச்சுக் கொடுப்பீர்களா என்று எத்தனையோ பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போதும் எல்லாரையும் முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு ஏணியை எடுத்தேன். பிரேம்காரர் மட்டும் உட்காரவில்லை. இரண்டடி தள்ளி, சத்தம் காட்டாமல், பின்னாலேயே வந்தார்.

மொட்டை மாடித் தளம் சுத்தம், ஒரு இடத்தில்கூடத் தண்ணீர் தேங்கிய கறை இல்லை. சமையலறைத் தொட்டிக்கடியில் ஈரம் இல்லை. மின்பலகையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே குட்டிக் குட்டி எழுத்தில் எது எந்த விளக்கு என்று எழுதி ஒட்டியிருந்தது. தரை ஓடுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நிறைந்த சத்தம், எங்கேயும் பொள்ளல் இல்லை. மனுஷர் வீட்டைக் கைக்குழந்தைபோல வைத்திருந்தார். அடடா, நம்ம வாண்டுவுக்கு இப்படி ஒரு வீடு அமையட்டுமே என்று மனசார நினைத்தேன். ஒன்பதாவது வாடகை வீட்டில் அவள் சுவரில் ஒரு ஆணி அடித்ததற்கு வீட்டுக்காரர் படி ஏறி வந்து கத்தியதும், அன்றைக்கு அவள் எனக்குப் போன் செய்து பேசாமலே அழுததும் எனக்குத் தெரியும்.

தரை மட்டம் பார்க்க ரசமட்டம் வைத்திருக்கிறேன், இருந்தாலும் முதலில் ஒரு கோலிக்குண்டைத்தான் வைப்பேன். முன்னறையில் வைத்தேன், அசையவில்லை. நடையில் வைத்தேன். யோசித்தது, கொஞ்சம் உருண்டு நின்றது. பின்னறை வாசலில் வைத்ததுதான் தாமதம், யாரோ கூப்பிட்டதுபோல நேராக ஓடி, கட்டிலுக்கடியில் நுழைந்து, மூலையில் போய் 'டக்'கென்று முட்டியது.

கட்டிலில் பிரேம்காரரின் மனைவி படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகிறது, இடது பக்கம் சரியாக வராது. மகள் இருக்கிற ஊருக்குப் போய்விட்டால் கூடமாட ஒரு ஆள் இருக்குமே என்றுதான் வீட்டை விற்கிறார்கள். பேச்சு மட்டும் தெளிவு.

"எது விழுந்தாலும் அந்த மூலைக்குத்தான் போகும்" என்றார் அந்த அம்மா. "மாத்திரை கை தவறினாலும் அங்கதான். இவரு டார்ச் அடிச்சுத் தேடுவாரு. பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கண் அதற்குள் சுவர் மூலைக்குப் போயிருந்தது. கட்டிலின் தலைமாட்டுக்கு ஒரு முழம் தள்ளி, மூலையை ஒட்டி, ஒரு காலண்டர் தொங்கியது. மூன்று மாதத்துக்கு முந்தைய தாள்கூடக் கிழிக்கப்படாத காலண்டர். அங்கே யாரும் தேதி பார்ப்பதில்லை என்று தெரிந்தது.

காலண்டரைக் கழற்றினேன். மேலிருந்து கீழே சாய்வாக ஒரு விரிசல். விரல் நகம் உள்ளே போகும். அதன் குறுக்கே, இரண்டு பக்கமும் பசை வைத்து, ஒரு கண்ணாடிப் பட்டை.

அந்த விரிசலை எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் அது மயிரிழை. பழைய விரிசலா, இன்னும் நகர்கிற விரிசலா என்று ஒரே நாளில் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே ஒட்டித் தேதி எழுதிவிட்டு வந்துவிடுவோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். உடைந்தால் என்னைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் 'பின்னறை மூலை, கண்காணிப்பில்' என்று ஒரு வரி எழுதியிருப்பேன். அந்தப் பக்கத்துக்கு யாரும் சட்டம் போடவில்லை.

ஆனால் இப்போது சுவரில் இருந்தது நான் ஒட்டிய கண்ணாடி இல்லை. என்னுடையது காகிதம் போல மெல்லியது. இது நல்ல கனம். ஓரங்களை வழவழப்பாகத் தேய்த்திருந்தது. மேலே மெல்லிய தூரிகையால், அழகான எழுத்தில், சென்ற மாதத்துத் தேதி.

"இது யாரு ஒட்டினது?" என்றேன்.

"நான்தான் மேடம்." பிரேம்காரர் முன்னால் வந்தார். பரீட்சைத் தாளை நீட்டுகிற பிள்ளையின் முகம். "நீங்க ஒட்டினது மெல்லிசு. மூணு வருஷம் தாக்குப் புடிச்சுது, அப்புறம் உடைஞ்சிருச்சு. அது எப்பவும் அங்க இருக்கணும்னு சொன்னீங்கல்ல? அதான் உடனே வேற வெட்டி ஒட்டிட்டேன். கண்ணாடிதான நம்ம பொழப்பு! ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெட்டியாப் போட்டேன். தூசி படக் கூடாதுன்னு மேல காலண்டரை மாட்டி வெச்சேன்."

"எத்தனை தடவை?"

"இது எட்டாவது மேடம்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் வைத்து அடித்தேன். நடுவில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, ஒரு கோடு ஓடியிருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். "அட, நேத்துகூட நல்லா இருந்துச்சே!" என்று பதறிவிட்டார். "ரெண்டே நிமிஷம் மேடம். இன்னொண்ணு தயாரா வெட்டி வெச்சிருக்கேன். ஓரம் மட்டும் தேய்க்கணும்." போகிற போக்கில், "உடைஞ்சதெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன், நீங்க கேட்டாலும் கேப்பீங்கன்னு" என்று அலமாரியைக் காட்டினார்.

அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய ஏழு பொட்டலம். ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தேன். முதலாவதில் என் கிறுக்கல். மற்ற ஆறிலும் அவருடைய தூரிகை எழுத்து. ஒன்று ஒட்டிய தேதிக்கும் அடுத்தது ஒட்டிய தேதிக்கும் நடுவில் உள்ள மாதங்களை விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தாறு. இருபது. பதினாலு. பத்து. ஏழு. நாலு. ரெண்டு. சுவரில் இருப்பது இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண்ணாடி கனமாகக் கனமாக, தாங்கிய காலம் குறைந்துகொண்டே வந்திருந்தது. இருபது வருடத்தில் ஒரு சுவரைப் பற்றி இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த மூலையே இறங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் மெதுவாக, இப்போது வேகமாக.

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயின் அடியில் தண்ணீரைத் தள்ளிவிடும் முழங்கை வளைவு உடைந்து விழுந்து எவ்வளவு காலம் ஆயிற்றோ, இத்தனை மழைத் தண்ணீரும் அந்த மூலையின் அஸ்திவாரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. முதல் கண்ணாடி உடைந்த அன்றைக்கு யாராவது என்னைக் கூப்பிட்டிருந்தால் ஒரு குழாய்த் துண்டோடு முடிந்திருக்கும்.

"என்னக்கா, இவ்வளவு நேரம்?" வாண்டு வந்து நின்றாள். பின்னாலேயே மாப்பிள்ளை. அவர் கண் நேராகச் சுவருக்குப் போனது, பிறகு என் கக்கத்தில் இடுக்கியிருந்த காலண்டருக்கு வந்தது.

"இது என்னக்கா? விரிசலா?"

"ஆமா."

"பெருசா?"

"பெருசுதான். மூலை இறங்குது."

மாப்பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ காலண்டர் மாட்டி மறைச்சிருக்காரு! முன்னாடி உங்க கையெழுத்தை மாட்டி வெச்சு எங்களை இளிச்சவாயனாக்கிட்டு, பின்னாடி இதை மறைச்சு வெச்சிருக்காரு. பாத்தா பச்சைத் தண்ணி மாதிரி இருந்தாரே! நல்ல வேளைக்கா, நீங்க வந்தீங்க. இல்லேன்னா மொத்தமா முழுகியிருப்போம்."



ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. எல்லாம் தானாகவே அமைந்துவிட்டது. விற்கிறவர் மறைத்தார், அக்கா கண்டுபிடித்தாள். அறிக்கையில் 'உரிமையாளரால் மறைக்கப்பட்ட விரிசல்' என்று ஒரு வரி. அதில் ஒரு எழுத்துகூட வெளிப்பார்வைக்குப் பொய் இல்லை. என் பெயர் தப்பித்துவிடும். வாண்டுவின் கண்ணில் நான் இன்னும் நாலு அங்குலம் உயர்ந்துவிடுவேன். இந்தப் பிஸ்கட் டப்பாவை மட்டும் மூடி அலமாரியில் திரும்ப வைத்துவிட்டால் போதும். என் கை மூடியைத் தேடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவருக்கு மறைக்கத் தெரியாதுப்பா" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அந்த அம்மா தலையைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்தபடியே பேசினார். "ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட அதை ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பாரு. நான்கூடத் திட்டுவேன், அது என்ன புள்ளையான்னு."

 வாண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கணக்குத் தப்பாய்ப் போனால், நான் வந்து சரி செய்துவிடுவேன் என்று பார்ப்பாளே, அதே பார்வை.

பிரேம்காரர் வந்துவிட்டார். புதுக் கண்ணாடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். விரல் கனம் இருக்கும். ஓரத்தில் தேய்த்த வெள்ளைத் தூள் இன்னும் போகவில்லை. "இது மேசைக் கண்ணாடி மேடம். சம்மட்டியால அடிச்சாத்தான் உடையும்" என்றார்.

"எங்களை ஏமாத்திடலாம்னு நினைச்சீங்களா?" மாப்பிள்ளை கத்தினார். "சுவர் பொளந்து கிடக்கு. மேல காலண்டரை மாட்டி, நல்ல வீடுன்னு தலையில கட்டப் பாத்தீங்களே! இது நியாயமா?"

பிரேம்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"மேடம், நான் சரியாத்தான ஒட்டினேன்? எதுவும் தப்பாப் பண்ணிட்டேனா?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் நான் எதிர்த்துக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. அவர் முகத்தில் கோபம் இல்லை. வேலை தெரிந்த ஒரு ஆள், தன் வேலையில் குறை வந்துவிட்டதோ என்று பயந்து நின்றார்.

"அவர் மறைக்கல மாப்பிள்ளை" என்றேன்.  ஜன்னல் மேடையில் இருந்த துண்டுகளைக் காட்டினேன். "அவர் எதையும் மறைக்கல. தப்பு என்னோடது."

"அக்கா?" என்றாள் வாண்டு.

"ஐயா, அந்தக் கண்ணாடி சுவரைப் புடிச்சு நிறுத்தறதுக்கு இல்லைங்க. சுவர் நகருதான்னு பாக்கறதுக்கு வைக்கிறது. உடைஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம். உடைஞ்ச அன்னிக்கே நீங்க என்னைக் கூப்பிட்டிருக்கணும். அப்படிக் கூப்பிடணும்னு நான் உங்ககிட்ட சொல்லல."

 முன்னறையில் மாப்பிள்ளை விட்டுவிட்டு வந்த போன் அடித்து ஓய்ந்தது. பிரேம்காரர் ஜன்னல் மேடையில் வரிசையாக இருந்த துண்டுகளை, ஒன்றொன்றாக, இடமிருந்து வலமாகப் பார்த்தார். அவர் உதடு லேசாக அசைந்தது. மாதங்களை எண்ணுகிறார் என்று தெரிந்துகொண்டேன். ஏழாவது துண்டுக்கு வந்ததும் கண்ணைத் தூக்கிக் கட்டிலைப் பார்த்தார். விரிசலிலிருந்து ஒரு முழத்தில் அவர் மனைவியின் தலை.

"நான் கேட்டேனே மேடம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "அன்னிக்கு இது எதுக்குன்னு நான் உங்ககிட்ட கேட்டேனே."

கேட்டார். அந்த நிமிடம் வரை எனக்கு அது ஞாபகம் இல்லை, அவர் சொன்னதும் முழுசாக வந்தது. இதே அறை, வெற்று அறை. வெளியே வண்டியை அணைக்காமல் நிறுத்தியிருந்தேன். இன்னும் இரண்டு வீடு பாக்கி. இவர் பின்னாலேயே வந்து, மேடம், இது எதுக்கு மேடம் என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'எல்லாத்துக்கும் காரணம் சொல்லிட்டு இருக்க முடியாதுங்க, அது எப்பவும் அங்க இருக்கணும், அவ்வளவுதான்' என்று கத்திவிட்டுப் போனேன். அவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. சொன்னபடி செய்தார். எட்டு வருடம் செய்தார்.

"ஆமாங்க. கேட்டீங்க" என்றேன்.

வாண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் கைவைத்து, விரிசல் மேலே எதுவரை போகிறது என்று பார்த்தாள். பிறகு ஜன்னலை, ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒற்றைச் செடியை. அங்கே கொடி கட்டித் துணி காயப் போடுவேன் என்று காலையில் வண்டியில் வரும்போது சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இந்த ரூம்ல இனிமே யாரும் படுக்கக் கூடாது" என்றேன். "சரி பண்ணலாம், வழி இருக்கு, நான் எழுதித் தர்றேன். அது அப்புறம். இப்போ முதல்ல அம்மாவை முன்னறைக்கு மாத்தணும். இப்பவே."

 வாண்டு புடவை நுனியை இடுப்பில் சொருகிக்கொண்டு கால்மாட்டுப் பக்கம் போய் நின்றாள். "என்னங்க, புடிங்க" என்றாள். மாப்பிள்ளை ஒரு கணம் தயங்கிவிட்டுத் தலைமாட்டைப் பிடித்தார். நான் நடுவில் போய்ப் பிடிக்கப் பார்த்தேன். "நீ வழியை விடுக்கா, போதும்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

அந்த அம்மாவோடு கட்டில் மெல்ல எழும்பி, நிலைப்படியில் ஒரு முறை இடித்து, நடைக்குள் போனது. "மெதுவா, மெதுவா, ஊர்வலம் போற மாதிரி இருக்கே" என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது. கட்டில் இருந்த இடத்தில் நீள்சதுரமாகத் தூசி. மூலையில் என் கோலிக்குண்டு, அதைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளுமாக ஏழெட்டு மாத்திரைகள், ஒரு சட்டைப் பொத்தான்.

பிரேம்காரர் இன்னும் அதே இடத்தில் நின்றார். கட்டில் கடந்து போகச் சுவரோடு ஒட்டி நின்றவர், அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையிலும் அந்தக் கண்ணாடி. ஒட்ட வேண்டிய இடம் எதிரே இருந்தது.

"மேடம்" என்றார். "இப்போ இதை நான் என்ன செய்யறது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். பிறகு பக்கத்தில் போய் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மறு ஓரத்தை அவர் விடவில்லை.